எண்களால் எழுதும் இசை

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீரின் விசையால் தானே ஒலிக்கும் குழற்கருவி ஒன்றை விளக்கி எழுதினர். சுழலும் உருளையில் பதித்த முனைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முனைகளின் வரிசையே இசையாகும்.

அவ்வெண்ணத்தின் புதுவடிவை இன்று கணிப்பொறியில் காண்கிறோம். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்னும் ஜெர்மானியர், அமிகா என்ற வீட்டுக் கணிப்பொறிக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்னும் மென்பொருளை ஆக்கினார். திரையில் 4 நெடுவரிசைகள். அவை நான்கும் ஒருசேர ஒலிக்கும். ஒவ்வொன்றிலும் 64 வரிகள். எவ்வரியில் எச்சுரம், எவ்வொலி என்பதை எழுத்தாலும் எண்ணாலும் குறித்தல் வேண்டும். முரசின் ஓர் அடியைப் பதிவு செய்தால் போதும். வேண்டிய வரிகளில் அதனை இட்டுத் தாளமாக்கலாம். குழலின் ஒரு சுரத்தை விரைந்து ஒலிக்கச் செய்தால் அதுவே மேற்சுரமாகும்.

இதன்வழி வந்த மென்பொருள்கள் பல விலையின்றியே கிடைத்தன. 'மில்கிடிராக்கர்' இன்றும் அவ்வாறே கிடைக்கிறது. எளிய கணிப்பொறியே அதற்குப் போதும். கருவி வாங்க வசதியற்ற மாணவனுக்கு இது பெரும்பேறு.

எனினும், விலையினும் உயர்ந்த சிறப்பொன்று உண்டு. இவ்வகைக் கோப்பில் சுரக்குறிப்பும் ஒலித்துணுக்கும் ஒருங்கே உள்ளன. எனவே இசையைக் கேட்பவர், அது ஆக்கப்பட்ட முறையையும் வரிவரியாகக் காணலாம். ஐரோப்பிய இளைஞர் பலர் நெகிழ்வட்டுகளில் இவற்றைப் பரிமாறிக்கொண்டு, ஆசிரியரின்றியே கற்றனர்.

திறந்து கிடப்பதெல்லாம் நமக்கு உரியதாகிவிடாது. பிறர் பதித்த ஒலியை அவர் இசைவோடும் பெயரோடும் எடுத்தாளுதலே முறை, அஃது அமானிதம். அந்நேர்மையோடு கற்போர், தாம் கற்றதையும் மறைக்காது பிறர்க்குத் திறந்து வைப்பாராயின் இக்கலை வளரும் என நம்புகிறோம்.