மணப்பெண் வந்த வண்டியா, பந்தயத்தில் வென்ற வண்டியா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் கணியம்பாடியைப் பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்களே தவிர, இறங்கியிருக்க மாட்டீர்கள். ஜவ்வாது மலைத் தொடரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு ஊரைக் கடந்து போயிருப்பீர்கள். இன்று கொஞ்சம் இறங்குவோம்.

அங்கே ஒரு வீடு இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஓட்டு வீடு. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்று வெகு காலமாகிவிட்டது. அவை நின்ற இடத்தில் இப்போது தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஒரு மோட்டார் கார் நிற்கிறது. மாமனார் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பின் ஸீட்டில் கோழி முட்டையிட்டு வருகிறது.

"ஏங்க, இதை இரும்புக் கடைக்குப் போட்டாலாவது இடம் ஒழியும்" என்கிறாள் வீட்டு அம்மாள்.

"இரும்புக் கடைக்கா? நல்லாச் சொன்னே! இதை ராலிக் கார் ஆக்கப் போறேன். முன்னாலே நாலு விளக்கு, கதவிலே பெரிசா நம்பர், உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு..."

"கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தது இந்த வண்டியிலேதான். அன்னிக்கு இதுக்குக் கூண்டு எதுவும் இல்லீங்க."

வீட்டுக்காரர் வாயடைத்துப் போகிறார். வீடு நம்முடைய கற்பனைதான். ஆனால் அந்த அம்மாள் கிளப்பிய சங்கடம் கற்பனையல்ல. பழைய காரை வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் இது வரக்கூடியது. கார் எந்தச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும்? வீட்டின் சரித்திரத்தையா, பந்தயத்தின் சரித்திரத்தையா?

முதலில் ராலி என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அல்ல அது. ஊர் விட்டு ஊர், சில சமயம் தேசம் விட்டுத் தேசம், பொதுச் சாலைகளிலும் மலைப் பாதைகளிலும் குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தை அடைய வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர். பக்கத்தில் வரைபடமும் கடிகாரமுமாக உட்கார்ந்து வழி சொல்லுகிறவர் இன்னொருவர். இப்படி ஓடிப் பேர் வாங்கிய ஒரு வண்டியைப் பார்த்து, அதே ரகத்துச் சாதாரண வண்டியை அதே வர்ணம், அதே விளக்கு, அதே சாமான்களோடு மாற்றி அமைப்பதற்குத்தான் ராலி நகல் என்று பெயர். 1964-ல் மான்டி கார்லோ ராலியில் வென்ற சிவப்பு மினி கூப்பர் இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரின் மோட்டார் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. அதன் நகல்களோ உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் ஹெரால்டுக்கு அந்தப் பெருமை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு.

1948-ல் சென்னையில் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. அதன் அசல் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. 1959-ல் வெளிவந்தது. அதற்கு உருவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதன் முன்பாகம் முழுவதும், மட்கார்டுகள் உள்பட, முதலை வாயைப் பிளப்பது போல ஒரே துண்டாக முன்னால் சாயும். எஞ்சினைப் பார்க்க மெக்கானிக் குனிந்து முதுகை ஒடித்துக் கொள்ள வேண்டியதில்லை. டயர் மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். சந்துக்குள் திருப்புவதற்கு இதைப் போன்ற வண்டி அபூர்வம்.

அந்த ட்ரையம்ப் ஹெரால்டின் கூப்பே ரகம் ஒன்றுதான் 1961-ல் ஹாலந்து தேசத்து ட்யூலிப் ராலியில் முதலாவதாக வந்தது. ஓட்டியவர் ஜெஃப் மாப்ஸ். வழி சொன்னவர் லெஸ் கிரிஃபித்ஸ். அந்த வெற்றியில் ஒரு ரசமான சமாசாரம் இருக்கிறது. அங்கே மதிப்பெண் கணக்கு, ஒரு வண்டி தன் வகுப்பிலுள்ள மற்ற வண்டிகளை எவ்வளவு முந்தியது என்பதைப் பொறுத்தது. அதே வகுப்பில் அதே கோஷ்டியைச் சேர்ந்த இன்னொரு ஹெரால்டு நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் டைனி லூயிஸ். அவரும் நன்றாக ஓட்டி முடித்தால் மாப்ஸின் வித்தியாசம் குறைந்துவிடும். ஆகவே லூயிஸ் வேண்டுமென்றே போட்டியை முடிக்காமல் நின்றுவிட்டார். நண்பர் ஜெயித்தார். கோப்பை ஒருவருக்கு, தியாகம் மற்றவருக்கு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

மறு வருஷம், 1962-ல், அதே ட்யூலிப் ராலியை ஜெயித்தவர் ஒரு பெண்மணி. பாட் மாஸ் என்று பெயர். மினி கூப்பருக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1960-ல், லியேஜ்–ரோம்–லியேஜ் என்ற கடுமையான ராலியில் ஆஸ்டின் ஹீலி வண்டியை ஓட்டி, ஆண்கள் அத்தனை பேரையும் பின்னால் தள்ளியவரும் அவரேதான். அப்போது பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஆன் விஸ்டம். இரண்டு பெண்களும் நாட்கணக்கில் இராப்பகலாகத் தூக்கமில்லாமல் மலைச் சாலைகளில் ஓடியிருக்கிறார்கள். பாட் மாஸை 'பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸின் தங்கை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர் ஜெயித்த கோப்பைகளை அண்ணன் வாங்கித் தரவில்லை!

சரி, நம் கொட்டகைக்குத் திரும்புவோம். கதவில் நம்பர் எழுதுவது கடைசி வேலை. முதல் வேலை வண்டியின் அடியில். ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு அதன்மேல் உட்கார்த்தியிருப்பார்கள். பாடியைக் கழற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறதே என்று சந்தோஷப்படலாம். கழற்றிய பிறகு அழவும் நேரலாம். சட்டத்தின் பக்கவாட்டுக் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். பட்டி பூசி வர்ணம் அடித்து அதை மறைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அந்த வேலை கூடாது. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டு அது. ட்ரையம்ப் கம்பெனி அதற்குக் கியர் எண்ணெய் விடச் சொன்னது. எந்தக் குமிழைக் கண்டாலும் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்திவிடுவது நம் பட்டறை வழக்கம். எண்ணெய் போகாமல் மூட்டு தேய்ந்தால், ஒரு நாள் வளைவில் ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஆகவே மெக்கானிக்கிடம் நீங்களே கேளுங்கள்: "கிரீஸா, எண்ணெயா?" கார் விஷயம் தெரிந்த அம்மாள் என்று மரியாதை கூடும்.

பின் சக்கரங்களிலும் ஒரு குணம் உண்டு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி தூக்கிப் போடும். கணியம்பாடியைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் ராலி வீரர் என்ற நினைப்பில் இதைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாம்.

விளக்கு விஷயம் சுலபமான கணக்கு. 55 வாட் விளக்கு நான்கு என்றால் 220 வாட். 12 வோல்ட் வண்டியில் அது சுமார் 18 ஆம்பியர். பழைய டைனமோ தருவதே 20 ஆம்பியர் அளவில்தான். அதற்கு மேல் வண்டியின் சொந்த விளக்கு, வைப்பர், ஹார்ன் எல்லாம் இருக்கின்றன. படத்துக்கு அழகாக நாலு விளக்கையும் போட்டுக்கொண்டு இரவில் கிளம்பினால், பாட்டரி இறங்கிப் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-ம் ஆண்டு முதல் நம் தேசமெங்கும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் இடம் ஈயத்தை நம்பியிருந்தது. அங்கே கடினமான வளையம் பொருத்த வேண்டும். இப்போது 20 சதவீதம் எத்தனாலும் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களை அது கரைத்துக் கெடுக்கும். குழாய்களை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பினால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

குழாய்க் கூண்டுக்கு வருவோம். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பது அதுதான், சந்தேகமில்லை. ஆனால் போட்டிக்காரர் தலையில் ஹெல்மெட் உண்டு. கடைத்தெருவுக்குப் போகும் குடும்பத்தில் யார் ஹெல்மெட்டோடு காரில் உட்காருவார்கள்? சின்ன மோதலில்கூட வெறும் தலை இரும்புக் குழாயில் இடிக்கும். பின் ஸீட்டுக் குழந்தைகளுக்கு ஏறி இறங்கவும் வழியிருக்காது. எனக்கு இந்தக் கூண்டு விஷயத்தில் வீட்டு அம்மாளின் கட்சிதான்.

கணவர்மார்கள் கடைசியில் யோசிக்கும் விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவு எண் உண்டு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த வண்டியைக் காட்சிக்கும் பழைய கார் ராலிக்கும் ஓட்டலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. சட்டம், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருந்தால் அந்த அந்தஸ்து கிடைக்காது. ஹெரால்டு அறுபதுகளின் வண்டி, வயது வந்துவிட்டது. ராலி வேஷம் போடுகிறேன் என்று பாடியை வெட்டினால், கிடைக்கக்கூடிய கௌரவம் கையை விட்டுப் போகும்.

இன்னொரு விஷயம். 1961-ல் ஜெயித்தது கூப்பே. அதன் கூரை வேறு, கார்புரேட்டர் இரண்டு. வண்டலூர் ஹெரால்டு கூப்பே அல்ல. என்ன வேஷம் போட்டாலும் அச்சு அசல் நகல் ஆகாது. அதைவிட, சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் நம்மூர் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன. அவற்றைப் போல எளிமையாக ஒரு வட்டமும் எண்ணும் கதவில் எழுதினால் ஊருக்கும் பொருந்தும். பதிவு எண் பலகையில் மட்டும் கை வைக்கக் கூடாது. பிறகு விற்கும்போது, 'இது நகல்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது நகல் அல்ல, மோசடி.

இதையெல்லாம் நம் கணியம்பாடி வீட்டுக்காரர் கேட்டுத் தலையைச் சொறிகிறார். அம்மாள்தான் பேசுகிறாள்:

"விளக்கு வெச்சுக்குங்க. ஆனா கம்பியிலே மாட்டிக் கழட்டற மாதிரி இருக்கணும். பாடியிலே ஒரு ஓட்டை போடக் கூடாது."

"சரி."

"கூண்டு வேணாம். நம்பரைத் துணியிலே எழுதிக் கதவிலே கட்டிக்குங்க. ஊர்வலம் முடிஞ்சதும் அவிழ்த்துடணும். வர்ணம் மாமா வெச்சிருந்த அதே வெள்ளை."

"சரி. அப்புறம் பக்கத்திலே உட்கார்ந்து வழி சொல்ல ஆள் வேணுமே? என் சிநேகிதரைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்கு? உங்களுக்கு நாற்பது வருஷமா வழி சொல்றது யாரு? மேப்பை இங்கே கொடுங்க. முதல்லே அந்தக் கோழிக்கு வேறே இடம் பாருங்க."