ஒலிச் சில்லைத் தேர்ந்து வாங்குதல்

மின்னணுக் கடையில் ஒரு சில்லை வாங்கும்போது நீங்கள் எதை நம்பி வாங்குகிறீர்கள்? அதன் முதுகில் அச்சிட்ட எண்ணை நம்பித்தான் அல்லவா? அந்த நம்பிக்கை எப்போது தகும், எப்போது தகாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1958-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி, ஒரு மின்சுற்றின் உறுப்புகளை ஒரே குறைகடத்தித் துண்டில் அமைத்துக் காட்டினார். அவ்வழி வந்த தொகுப்புச் சுற்றுகளுள், மெலிந்த ஒலிச் சைகையை ஸ்பீக்கர் அதிரும் அளவுக்கு வலுப்படுத்துபவை ஒலிச் சில்லுகள். எட்டுக் கால்களுடைய எல்.எம். 386 அவற்றுள் மாணவர் பலரும் அறிந்தது. அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சில்லைத் தேர்வதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக. மின்வழங்கல் எத்தனை வோல்ட்? ஸ்பீக்கர் எத்தனை ஓம்? ஒலி எவ்வளவு தொலைவு கேட்கவேண்டும்?

6 வோல்ட் மின்கலத்தையும் 8 ஓம் ஸ்பீக்கரையும் கொண்டோமெனில், ஒலியலை நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 3 வோல்ட்டுக்கு மேல் ஊசலாட இயலாது. கணக்கின்படி கிடைக்கத்தக்க திறன் அரை வாட்டுக்குச் சற்றே மிகுதி. சில்லினுள்ளேயே ஒரு பங்கு மின்னழுத்தம் கழிந்துவிடுவதால், உற்பத்தியாளரின் விவரத்தாள் கூறும் அளவு 325 மில்லிவாட். அதுவும் 10 விழுக்காடு ஒலிச்சிதைவோடு. ஓர் அறைக்கு இது போதும். விளையாட்டுத் திடலுக்குப் போதாது. ஒலியின்றி இருக்கையில் ஏறத்தாழ 4 மில்லிஆம்பியரே இழுப்பதால் மின்கலக் கருவிக்கு இது மிகவும் ஏற்றது.

இனி, எண்ணின் வாலைக் கவனியுங்கள். என்-1 என முடியும் வகை 4 முதல் 12 வோல்ட் வரை இயங்கத்தக்கது. 15 வோல்ட்டைத் தாண்டலாகாது. என்-4 வகையோ 18 வோல்ட் வரை இயங்கும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றே.

2009-ஆம் ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு மாணவன் என்-4 வகையைத் தேர்ந்து, 16 வோல்ட்டில் ஓர் ஒலிக்கருவி அமைத்தான். சில்லைக் கடையில் வாங்கித் தந்தவன் நான். விசையை அழுத்திய சில நொடிகளில் அது புகைந்தது. கம்பிகளைத் தவறாக இணைத்தாய் என அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். கண்காட்சி நாளில் அவன் கருவி மேசைமீது ஊமையாய்க் கிடந்தது. மறுநாள் அவன், எரிந்த சில்லின் முதுகை நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காட்டினான். எழுத்து அழிந்தது, அடியில் தேய்த்து மெருகிட்ட கீறல்கள் தெரிந்தன. யாரோ பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிய எண்ணை அச்சிட்டிருந்தனர். அவனது சுற்றில் பிழையேதும் இல்லை. அதே வகுப்பில், அதே மாணவர் முன்னிலையில், நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆதலின் வாங்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் தம் வலைத்தளத்தில் அங்கீகரித்துள்ள விற்பனையாளரிடம் வாங்குவது முதல் வழி. சில்லறைக் கடையில்தான் வாங்கவேண்டுமெனில், வழக்கத்துக்கு மாறான மலிவு விலையை ஐயுறுங்கள். ஒன்றை மட்டும் வாங்கி, குறைந்த மின்னழுத்தத்தில், மின்னோட்டத்தை அளந்தவாறு சோதியுங்கள். விவரத்தாளின் அளவோடு அது பொருந்தாவிடில் மேற்கொண்டு வாங்காதீர்கள். அசிட்டோன் சோதனை ஐயத்தை எழுப்பும். அது ஒன்றே முடிந்த சான்றாகாது. சுற்றை வரையுமுன், அச்சில்லு இன்னும் உற்பத்தியில் உள்ளதா, அதன் கால்கள் உங்கள் பலகையில் பொருந்துமா எனவும் பாருங்கள்.

கருவி பழுதுற்றால், குற்றம் யாருடையது எனத் தீர்ப்பளிக்குமுன் சோதித்துப் பாருங்கள். ஆசிரியனாகிய நான் அதைக் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ளலாம்.