ஒரு துளி ரத்தம் – 7: கபிட் மருத்துவமனையின் ஸ்லைடுகள்

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை ஒரே ஸ்லைடில் இரண்டு விதமாகப் பூசுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். தடித்த படலத்தில் சாயம் ஊற்றும்போது சிவப்பணுக்கள் கரைந்துபோகும். ஒட்டுண்ணிகளும் வெள்ளணுக்களும் மிஞ்சும். சிறிய இடத்தில் நிறைய ரத்தத்தைத் தேட அது வசதி. மெல்லிய படலத்தை மெத்தனாலில் நனைத்துவிடுவதால் சிவப்பணுக்கள் உருக்குலையாமல் நிற்கும். மலேரியா இருக்கிறதா என்பதற்கு முதலாவது. எந்த மலேரியா என்பதற்கு இரண்டாவது.

எந்த மலேரியா என்பதை உருவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு உப்பிப்போய், உள்ளே பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஃபால்சிபாரம் மெல்லிய வளையமாக இருக்கும். ஒரே அணுவில் இரண்டு மூன்று கூட இருக்கும். மலேரியே என்ற இனம் அணுவின் குறுக்கே ஒரு பட்டையாகக் கிடக்கும். ஓவேல் என்று நான்காவது ஒன்றும் உண்டு. மனிதருக்கு வருபவை இந்த நான்கும்தான் என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன.

போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், ரஜாங் ஆற்றங்கரையில் இருக்கிறது கபிட். சுற்றிலும் காடு. ஆற்றோரம் இபான் மக்களின் நீண்ட கூட்டு வீடுகள். 1990களின் கடைசியில் அந்த ஊர் மருத்துவமனையின் ஸ்லைடுகளில் மலேரியே அதிகமாகத் தென்பட்டது. பட்டை வடிவம் தெளிவாகவே இருந்தது. ஆனால் நோயாளிகள்தான் அதற்குப் பொருந்தவில்லை. மலேரியே சாதுவானது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பெருகும், ரத்தத்தில் கொஞ்சமாகவே இருக்கும், பலருக்குப் படுக்கையில் விழும் அளவு காய்ச்சல்கூட வராது. கபிட்டுக்கு வந்தவர்களோ கடும் காய்ச்சலோடு வந்தார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி மண்டிக் கிடந்தது. பெரும்பாலும் வளர்ந்தவர்கள்.

இந்த முரண்பாட்டை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும். நோயாளிகளின் ரத்தத்தை வடிதாளில் சொட்டாக உலர்த்தி எடுத்து, பி.சி.ஆர். முறையில் அதன் மரபணுவைச் சோதித்தார்கள். மலேரியா இருக்கிறது என்றது சோதனை. மலேரியேவா என்று கேட்டால் இல்லை என்றது. மற்ற மூன்றும் இல்லை. மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, அது குரங்குகளிடம் வாழும் நோலெசி என்று தெரிந்தது. 2004இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்கு நோலெசி. மலேரியே ஒருவருக்கும் இல்லை.

நோலெசி புதிதாக முளைத்ததல்ல. 1930களின் தொடக்கத்திலேயே கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ்குப்தாவும் இதை ஆராய்ந்தார்கள். குரங்கின் ரத்தத்தை ஏற்றினால் மனிதருக்கும் தொற்றும் என்று காட்டியவர்கள் அவர்கள்தான். ஒட்டுண்ணிக்கு நோல்ஸின் பெயர் கிடைத்தது. தாஸ்குப்தாவின் பெயரை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே அறிவார்கள். அது எனக்கு வருத்தம்தான். 1965இல் மலாயாக் காட்டில் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இயற்கையாகவே இது தொற்றியிருந்தது. அவருடைய ஸ்லைடையும் முதலில் ஃபால்சிபாரம் என்றார்கள், பிறகு மலேரியே என்றார்கள். ரத்தத்தைக் குரங்குகளுக்கு ஏற்றி, அவை செத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அபூர்வமான ஒன்று என்று அதை ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த இரண்டு தவறான பெயர்களும் தற்செயலானவை அல்ல. நோலெசி இளம் பருவத்தில் ஃபால்சிபாரம் போலவே வளையமாக இருக்கும். வளர்ந்த பிறகு மலேரியே போலப் பட்டையாகும். கபிட்டின் டெக்னீஷியன்கள் கண்டதைத்தான் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மைக்ராஸ்கோப் காட்டக்கூடியது அவ்வளவுதான்.

பெயர் மாறினால் என்ன, மாத்திரை ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். மனிதரைத் தாக்கும் மலேரியாக்களில் இவ்வளவு வேகம் வேறு எதற்கும் இல்லை. சாதுவான மலேரியே என்று நம்பி ஒரு நாள் பொறுத்தால், மறுநாள் ரத்தத்தில் இருப்பது பல மடங்கு. சரவாக்கில் மலேரியே என்று ஸ்லைடில் எழுதப்பட்டு இறந்துபோன நான்கு பேருக்கு உண்மையில் இருந்தது நோலெசி என்று அதே குழுவினர் 2008இல் எழுதினார்கள். படிக்கும்போது நெஞ்சு கனத்தது. இன்று மலேசியாவில் ஸ்லைடில் பட்டை வடிவம் தெரிந்தால் பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திராமல் நோலெசி என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா அந்த நாட்டில் உள்ளூரில் இல்லை. நோலெசி மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது.

அப்படியானால் ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. பி.சி.ஆர். முடிவு பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து, நாட்கள் கழித்து வரும். காய்ச்சல்காரர் வந்த இரவிலேயே எத்தனை ஒட்டுண்ணி என்று சொல்ல ஸ்லைடால் முடியும். தடித்த படலத்தில் 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணி கண்ணில் பட்டது என்று குறித்து, அதை 40ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள அளவு வந்துவிடும். நோலெசியில் அது ஒரு லட்சத்தைத் தாண்டினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இதைச் செய்யக் கூர்மையான கண் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். மைக்ராஸ்கோப்பில் நூறு காட்சிப் புலமாவது பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது. கையில் இன்னும் நாற்பது ஸ்லைடுகள் காத்திருக்கும்போது அதை எந்த டெக்னீஷியனால் செய்ய முடியும்? ஆள் சேர்க்காமல் புது இயந்திரம் மட்டும் வாங்கித் தருவது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. செலவே இல்லாதது. ரத்தத்தோடு லேபுக்குப் போகும் சீட்டில் பெயரும் வயதும் மட்டும் இருக்கின்றன. நோயாளி எங்கே வேலை செய்கிறார், காட்டுப் பக்கம் போனாரா, சமீபத்தில் எந்த ஊரிலிருந்து திரும்பினார் என்று மருத்துவர் மூன்று வரி எழுதித் தரட்டும். கபிட்டில் நோலெசியைச் சுமந்தது காட்டுக் கொசு. நோயாளிகள் காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். போர்னியோவில் கூலி வேலை பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு திருச்சியிலோ சென்னையிலோ வந்து இறங்குபவரின் ஸ்லைடில் ஒரு பட்டை தெரிந்தால், அது என்ன என்று சந்தேகப்பட அந்த மூன்று வரி போதும்.

அடுத்த வாரம்: யானைக்கால் நோய்ப் புழுவைத் தேட ஏன் நள்ளிரவை ஒட்டி ரத்தம் எடுக்கிறார்கள்?

(தொடரும்)