இரண்டு பேறுகளுக்கு நடுவே எத்தனை மாதம்?

குடும்பநலத் திட்டத்தில் தமிழ்நாடு அடைந்த வெற்றி பெரும்பாலும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்பட்டு வந்திருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. அதே ஆய்வில், மணமான பெண்களுள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதும், காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை முதலிய தற்காலிக முறைகள் எல்லாம் சேர்ந்தும் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை என்பதும் தெரிய வருகின்றன. 'நாமிருவர் நமக்கிருவர்' என்று சுவர்தோறும் எழுதப்பட்ட முழக்கம் எத்தனை குழந்தை என்பதைச் சொன்னது. அந்த இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே எவ்வளவு காலம் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது. புதிதாய்ப் பிறக்கும் குழந்தையின் எடையையும், அது நிறைமாதத்தில் பிறக்குமா என்பதையும், சில வேளைகளில் அதன் உயிரையுமே தொடுகிற கேள்வி அது.

எங்கிருந்து எண்ணுவது?

பேறுகால இடைவெளியைப் பொதுமக்கள் ஒரு வகையாகவும் மருத்துவர்கள் வேறு வகையாகவும் எண்ணுகிறார்கள். வீட்டில் 'இரண்டு வருட இடைவெளி' என்றால் மூத்ததற்கும் இளையதற்கும் உள்ள வயது வித்தியாசம் என்றே பொருள். ஆய்வுகளிலோ ஒரு குழந்தை பிறந்த நாளிலிருந்து அடுத்த கரு உருவாகும் நாள்வரை உள்ள காலமே இடைவெளியாகக் கொள்ளப்படுகிறது. இந்த ஒன்பது மாத வேறுபாடு சிறியதன்று. வயது வித்தியாசம் 24 மாதம் என்றால், தாயின் உடலுக்குக் கிடைத்த ஓய்வு 15 மாதம்தான். உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூட்டிய வல்லுநர் குழு, குழந்தை பிறந்தபின் குறைந்தது 24 மாதம் கழித்தே அடுத்த கருத்தரிப்புக்கு முயல வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படியானால் இரு குழந்தைகளின் வயது வித்தியாசம் ஏறத்தாழ 33 மாதமாக இருக்க வேண்டும்.

குழந்தையின் நலனை ஆராய்வோர் முதன்மையாக மூன்று அளவுகளைப் பார்க்கிறார்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருப்பது எடைக்குறைவு. கருவில் இருந்த வாரங்களுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல், அதே வாரத்தில் பிறக்கும் நூறு குழந்தைகளுள் மிகச் சிறிய பத்துக்குள் அடங்குவது கருக்கால வளர்ச்சிக் குறைவு. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரிந்து சுருங்கப் போதிய முதிர்ச்சி பெற்றிருக்காது. எடை குறைந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக இருப்பதால் உடற்சூடு விரைவில் தணியும், இரத்தச் சர்க்கரையும் எளிதில் இறங்கும். தொற்று இரு வகைக் குழந்தைகளையும் சுலபமாகப் பற்றும்.

தாயின் உடலில் நடப்பது

நெருக்கமான இடைவெளி குழந்தையைப் பாதிக்கும் வழிகளுள் தெளிவாக விளங்கக்கூடியது சத்துக் குறைவு. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவைப்படுகிறது. அதில் சுமார் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது, சுமார் 500 தாயின் பெருகும் இரத்தத்துக்குச் செலவாகிறது, எஞ்சியது உடலின் அன்றாட இழப்பை ஈடு செய்கிறது. நல்ல ஊட்டமுள்ள பெண்ணின் உடலிலும் சேமிப்பாக இருக்கும் இரும்புச் சத்து 300 மில்லிகிராம் அளவே. பேற்றுக்குப் பின் இரத்தத்திலிருந்த இரும்பின் ஒரு பகுதி சேமிப்புக்குத் திரும்பும் என்றாலும், பிரசவத்தின்போது ஏற்படும் இரத்த இழப்பு அதையும் குறைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே தேசிய ஆய்வு காட்டுகிறது; இந்நிலையில் ஆறேழு மாதத்தில் மீண்டும் கருவுறும் பெண், காலியான சேமிப்போடுதான் அடுத்த கர்ப்பத்தைத் தொடங்குகிறாள்.

இதை ஈடு செய்யவே, கர்ப்பகாலத்தில் 180 நாளும் பேற்றுக்குப் பின் மேலும் 180 நாளும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை உட்கொள்ள வேண்டும் என்று அரசின் இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் வகுத்திருக்கிறது. மலம் கறுத்துப் போவது, மலச்சிக்கல், குமட்டல் ஆகியவற்றால் பலர் மாத்திரையை நடுவிலேயே நிறுத்திவிடுவதும், காபி அல்லது தேநீரோடு சேர்த்து விழுங்குவதால் சத்தின் பெரும்பகுதி உடலில் சேராமல் போவதும், பிள்ளை பிறந்ததோடு மாத்திரையின் வேலை முடிந்தது என்று கருதப்படுவதும் இத்திட்டத்தின் பயனைக் குறைக்கின்றன.

ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமினின் நிலையும் இத்தகையதே. கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயின் உடலில் குறையத் தொடங்கும் இச்சத்து, பாலூட்டும் மாதங்களிலும் உடனே பழைய நிலையை எட்டுவதில்லை. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே உறுதியாக அறியாத அந்த வாரங்களில்தான் ஃபோலேட் மிகவும் தேவைப்படுகிறது.

அறுவைச் சிகிச்சைப் பிரசவம் மற்றொரு காரணத்தைச் சேர்க்கிறது. அதே தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களுள் 45 விழுக்காட்டை நெருங்கியவை அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. கர்ப்பப்பைத் தழும்பு நன்கு ஆறாத நிலையில் அடுத்த குழந்தையை இயல்பான பிரசவத்தில் பெற முயலும்போது தழும்பு விட்டுப்போகும் ஆபத்து, இரு பிரசவங்களுக்கும் இடைப்பட்ட காலம் ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பாதிப்பு பிறக்கப்போகும் குழந்தையோடு நிற்பதில்லை. அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அடுத்த குழந்தையின் வரவால் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு மாவுணவுக்கு மாற்றப்பட்ட சிறுவர்களுக்கு உடல் வீங்கி, முடி வெளுத்து, தோல் உரியும் நோய் வருவதை 1933இல் விவரித்தார். குவாஷியார்கர் என்று பின்னர் மருத்துவ உலகம் அறிந்த அந்த நோய், இடைவெளியின் சுமையை மூத்த குழந்தையும் தாங்குகிறது என்பதை எடுத்துக்காட்டியது.

ஆய்வுகள் சொன்னதும் திருத்திச் சொன்னதும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிகழ்ந்த 1,73,205 பிறப்புகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, 18 முதல் 23 மாத இடைவெளியில் கருவுற்ற பெண்களின் குழந்தைகளுக்கே ஆபத்து மிகக் குறைவு என்று கண்டது. 67 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான அலசல், 18 மாதத்துக்குக் குறையும் ஒவ்வொரு மாதத்துக்கும் எடைக்குறைவின் வாய்ப்பு ஏறத்தாழ 3 விழுக்காடும் குறைப்பிரசவத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடும் கூடுவதாகக் கணக்கிட்டது. ஐந்து ஆண்டைத் தாண்டிய நீண்ட இடைவெளியிலும் ஆபத்து மெல்ல ஏறுவதை இவ்விரு ஆய்வுகளும் காட்டின.

எனினும் இக்கணக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்தடுத்துக் கருவுறும் பெண்களுள் ஏழைகள், இளவயதினர், மருத்துவ வசதி எட்டாதவர்கள் மிகுதி என்பதால், குழந்தையைப் பாதித்தது இடைவெளியா வறுமையா என்று பிரித்தறிவது கடினம். இதைத் தீர்க்க மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மூன்று குழந்தைகளைப் பெற்ற 40,441 தாய்மார்களை எடுத்துக்கொண்டு, ஒரே தாயின் வெவ்வேறு பேறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். வெவ்வேறு பெண்களை ஒப்பிட்டபோது ஆறு மாதத்துக்குக் குறைந்த இடைவெளியில் 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்த குறைப்பிரசவ வாய்ப்பு, ஒரே தாயின் பேறுகளை ஒப்பிட்டபோது பெரும்பாலும் மறைந்துபோனதாக 2014இல் அவர்கள் அறிவித்தனர். கருச்சிதைவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையையும், ஸ்காட்லாந்தில் 30,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றோருக்கே விளைவுகள் நன்றாக இருந்தன.

இதை வைத்தே இடைவெளி பற்றிய கவலை வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. 77 நாடுகளின் தரவுகளில் உடன்பிறந்தோரையே ஒப்பிட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, குறுகிய இடைவெளி குழந்தை இறப்பைக் கூட்டுவது உண்மை என்றும், வளர்ச்சி குன்றிய இடங்களில் அந்த விளைவு வலுவாகவும் வளர்ச்சி மிகுந்த இடங்களில் மெலிந்தும் இருப்பதாகவும் கண்டது. நல்ல உணவும் மருத்துவக் கண்காணிப்பும் உள்ள பெண்ணின் உடல் குறுகிய இடைவெளியைச் சமாளிக்கக்கூடும். இரத்தசோகையோடு வாழும் பெண்ணுக்கு மாதங்களைத் தவிர வேறு துணை இல்லை. மறுபுறம், 35 வயதைத் தாண்டியபின் முதல் குழந்தை பெற்றவர் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கருவுறும் வாய்ப்பைக் குறைப்பதால், அவருக்கு 24 மாதம் என்ற விதியை அப்படியே விதிப்பதும் பொருந்தாது.

முடிவெடுக்க வேண்டிய நேரம்

பாலூட்டும்வரை கரு தங்காது என்ற நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படாத நிலையில், மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்கும்வரை 98 விழுக்காடு பாதுகாப்பு உண்டு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் ஒப்புக்கொண்டனர். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மாதவிடாய் வருவதற்கு முன்பே சினைமுட்டை வெளிவரக்கூடும் என்பதால், 'இன்னும் குளிக்கவில்லை' என்று காத்திருந்தவர்கள் வயிற்றில் அசைவு தெரிந்த பிறகே உண்மையை அறிய நேர்வதும் உண்டு.

தற்காலிக முறைகளுக்குப் பஞ்சமில்லை. பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள், அறுவைச் சிகிச்சையின்போதும்கூட, காப்பர்-டி பொருத்த முடியும். 2017இல் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தரா ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. இவை யாவும் பேற்றுக்குப் பின் அல்லாமல், கர்ப்பத்தின் ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையின்போதே, கணவரும் உடனிருக்கப் பேசி முடிவு செய்யப்பட வேண்டியவை. பிரசவ வலியிலும் கைக்குழந்தையோடு தூக்கம் கெட்ட வாரங்களிலும் அந்த உரையாடலுக்கு இடமிருக்காது.

குழந்தை ஆறேழு பிறந்த காலத்தில் ஒரு தாயின் வாழ்வில் இடைவெளிகள் பல இருந்தன. ஒன்று தவறினாலும் அடுத்ததில் கவனமாக இருக்க வழி இருந்தது. சராசரி இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்ட இன்றைய தமிழ்நாட்டில், இரண்டாவது குழந்தையே பெரும்பாலும் கடைசிக் குழந்தை என்பதால், ஒரு பெண்ணுக்கு அமைவது ஒரே ஓர் இடைவெளிதான். எண்ணிக்கையை வெற்றிகரமாகக் குறைத்த அதே சுகாதார அமைப்பு, அந்த ஒரே இடைவெளியின் மாதங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்போதுதான் குடும்பநலம் என்ற அதன் பெயருக்கு முழுப் பொருள் கிடைக்கும்.