கரும்பு ஜூஸ் மெஷினில் ஒரு மீ.பொ.வ.

மரக்காணம் உப்பளங்களைச் சுற்றிவிட்டு வானூருக்குத் திரும்பும் வழியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. கையால் சுற்றும் பழைய மெஷின். சுற்றச் சுற்ற, ‘தட்... தட்...’ என்று ஒரு சத்தம்.

“சின்ன சக்கரத்துல ஒரு பல்லு ஒடைஞ்சு போச்சு சார். அதை மட்டும் மாத்தினா போதும்ங்கறாங்க. போதுமா?” என்று கேட்டார் கடைக்கார அக்கா.

பற்களை எண்ணிப் பார்த்தேன். கைப்பிடியோடு சுற்றும் சின்ன கியரில் 15, உருளையோடு சுற்றும் பெரிய கியரில் 60.

முதல் கணக்கு சுலபம். கைப்பிடி 4 சுற்று சுற்றினால் உருளை 1 சுற்று. வேகம் நாலில் ஒரு பங்கு. உராய்வை விட்டுவிட்டால் முறுக்கு விசை நாலு மடங்கு. உருளையின் விட்டம் சுமார் 10 செ.மீ., அதாவது சுற்றளவு சுமார் 31 செ.மீ. ஆக, கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கரும்பு கிட்டத்தட்ட 8 செ.மீ. உள்ளே போகும். சுழற்சி நேர்கோட்டு நகர்வாக மாறுவது இப்படித்தான்.

இரண்டாவது கணக்குதான் அக்காவுக்கான பதில். எந்தப் பல் எந்தப் பல்லைச் சந்திக்கும்? 15, 60 இரண்டுக்கும் மீ.பொ.வ. 15. அதனால் சின்ன கியரின் ஒவ்வொரு பல்லும் பெரிய கியரில் 60 ÷ 15 = 4 பற்களை மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திக்கும். உடைந்த பல்லில் ஆரம்பித்து, பதினைந்து பல்லுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். கோடு விழுந்த நாலு பற்களும் தேய்ந்திருந்தன. மற்ற 56 நன்றாகவே இருந்தன.

இதையே திருப்பிப் பாருங்கள். புது சின்ன கியர் போட்டாலும், தேய்ந்த அந்த நாலும் அதில் ஒரே ஒரு பல்லைத்தான் மாறி மாறி அடிக்கும். அது மட்டும் சீக்கிரம் போய்விடும். பெரிய சக்கரத்தை மாற்ற வேண்டாம். அந்த நாலு பல்லுக்கு மட்டும் வெல்டிங் வைத்து ராவினால் போதும்.

பெரிய கியரில் 61 பற்கள் இருந்திருந்தால்? மீ.பொ.வ. 1. ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள எல்லாப் பற்களையும் சந்திக்கும், தேய்மானம் பரவிவிடும். வண்டிகளின் பின் அச்சு கியர்களில் 41–10, 37–9 மாதிரி ஜோடிகள் வருவது இதனால்தான். இன்ஜினியர்கள் இதை ‘ஹண்டிங் டூத்’ என்பார்கள். கடிகாரத்துக்கு விகிதம் துல்லியமாக வேண்டும். அங்கே இந்தச் சலுகை கிடையாது. ஜூஸுக்கு 4-க்குப் பதில் 4.07 என்றால் யாருக்கு நஷ்டம்?

மெக்கானிக் வரும்வரை சாக்பீஸ் கோட்டை அழிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.