உழைத்த வண்டிக்கும் ஓர் இடம் வேண்டும்

பழைய கார்களின் அணிவகுப்பு நம் பெருநகரங்களுக்குப் புதிதல்ல. மெருகேற்றப்பட்ட ஆஸ்டின், மோரிஸ், பிளிமத் கார்கள் வரிசையாக வரும்போது, குடும்பத்துடன் நின்று படம் எடுத்துக் கொள்கிறோம். ஆனால், அந்த வரிசையில் ஒரு லாரியைப் பார்த்ததுண்டா? அக்கார்களின் உரிமையாளர்கள் உண்ட அரிசியையும், அவர்களின் வீடுகளுக்கான சிமென்டையும் சுமந்து வந்த லாரிகள் எங்கே போயின?

இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர். லாரித் தொழில் செய்யும் குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன், செங்கல் சூளை ஒன்றின் பின்புறம் துருப்பிடித்து நின்ற, 1960-களில் தயாரான டாட்டா - மெர்சிடிஸ் பென்ஸ் லாரியை அவர் விலைக்கு வாங்கினார். அதைச் சீரமைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு செலவும் ஆனது. 'இதில் என்ன லாபம்?' என்று பொருளியல் ஆசிரியருக்கே உரிய கேள்வியைக் கேட்டேன். 'லாபம் ஒன்றுமில்லை ஐயா. எங்கள் தாத்தா இந்த மாதிரி வண்டியில் கிளீனராகச் சேர்ந்துதான் எங்கள் குடும்பம் தலையெடுத்தது' என்றார்.

அது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1948-இல் கார்களை இணைத்துத் தயாரிக்கத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் கைகோத்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து 'காமெட்' லாரிகள் புறப்பட்டன. 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டு, ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. 1969-இல் உடன்பாடு முடிந்தபோது, முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் மறைந்து 'டி' எழுத்து வந்தது. பழைய லாரிப் பிரியர்கள் ஒரு வண்டியின் காலத்தைக் கணிக்க முதலில் பார்ப்பது இந்த அடையாளத்தைத்தான்.

மிக அதிக எண்ணிக்கையில் ஓடிய இவ்வாகனங்கள் இன்று அரிதாகிவிட்டதற்குக் காரணம் பொருளியலில் இருக்கிறது. எந்த வாகனத்தின் விலையும் ஆண்டுதோறும் குறைந்து, ஒரு கட்டத்தில் பழைய இரும்பின் விலைக்கு வந்து நிற்கும். அக்கட்டத்தைத் தாண்டிப் பிழைத்தால், அரிய பொருள் என்ற மதிப்பில் விலை மீண்டும் ஏறும். கார் அந்த இடைக்காலத்தை வீட்டுக் கொட்டகையில் கழிக்கிறது. அது குடும்பத்தின் பெருமிதம். லாரியோ முதலீடு. நெடுந்தொலைவு ஓடி ஓய்ந்தபின் உள்ளூரில் மணல், செங்கல் ஏற்றும். பிறகு தண்ணீர் வண்டியாகும். இறுதியில் எடைக்குப் போகும். பல டன் இரும்பு என்பதால் அதை உடைத்து விற்கும் தூண்டுதலும் அதிகம். அரண்மனைக் கார் எஞ்சியிருக்க, ஆயிரக்கணக்கில் ஓடிய லாரி எஞ்சாமல் போன முரண் இப்படித்தான் நேர்ந்தது.

இந்த ஈடுபாட்டில் இறங்க விரும்புவோர் வண்டியைவிட ஆவணங்களை முதலில் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள எண்கள் அடிச்சட்டத்திலும் என்ஜினிலும் உள்ள எண்களுடன் பொருந்த வேண்டும். வரி நிலுவையும், கடன் நிறுவனத்தின் உரிமைப் பதிவும் உள்ளனவா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அறிந்துகொள்ள வேண்டும். இவற்றுக்குப் பின்பே அடிச்சட்டம். அதில் விரிசலும் பற்றவைத்த தழும்புகளும் மிகுதியாக இருந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது. இறுகிப்போன என்ஜினைச் சீரமைக்க வழியுண்டு. டாட்டாவின் பழைய டீசல் என்ஜின் வகைகள் நீண்ட காலம் உற்பத்தியில் இருந்ததால் உதிரி பாகங்கள் ஓரளவு கிடைக்கும். பெட்ஃபோர்டு, ஃபார்கோ லாரிகளுக்கு அந்த வசதி குறைவு.

இரு எச்சரிக்கைகள் அவசியம். பழைய பிரேக், கிளட்ச் பாகங்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. துருப்பிடித்த வளையம் பூட்டிய சக்கரங்களுக்குப் பாதுகாப்புக் கூண்டின்றிக் காற்றடிப்பது உயிருக்கே ஆபத்து.

பாகங்களைவிட அரிதாகி வருவது கைத்திறன். அந்நாளில் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலான லாரிகள் அடிச்சட்டமும் என்ஜினும் முகப்பும் மட்டுமாகவே வந்தன. ஓட்டுநர் அறையையும் சுமைப் பெட்டியையும் நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் ஓவியரும் சேர்ந்து உருவாக்கினர். மரச் சட்டத்தில் தகடு வளைத்து அறை கட்டவும், தூரிகையால் பெயர் எழுதவும் தெரிந்தவர்கள் இன்று முதியவர்கள். என் மாணவரின் லாரிக்கு அறை கட்டிய தச்சர் எழுபதைக் கடந்தவர். அவரிடம் வேலை பழக இளைஞர் எவரும் இல்லை. இத்தகைய அறிவு எந்த நூலிலும் இல்லை. செய்து பார்க்க ஒரு வண்டி இருந்தால்தான் அது கைமாறும்.

இங்கேதான் சட்டத்தின் இடைவெளி தெரிகிறது. 2021-இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றத்துக்கு உள்படாத வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளுடன் தனிப் பதிவெண் கிடைக்கும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு அவற்றைச் சாலையில் ஓட்டலாம். வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், அது இருசக்கர வாகனங்களுக்கும், சொந்தப் பயன்பாட்டுக்கான நான்கு சக்கரப் பயணிகள் வாகனங்களுக்கும் மட்டுமே பொருந்தும். லாரிக்கு அதில் இடமில்லை.

எனவே, ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் பழைய லாரியும், நாள்தோறும் பாரம் ஏற்றும் லாரியும் சட்டத்தின் முன் ஒன்றே. மோட்டார் வாகனச் சட்டப்படி, செல்லத்தக்க தகுதிச் சான்றிதழ் இல்லாத சரக்கு வாகனம் முறையாகப் பதிவான வாகனமாகவே கருதப்படாது. பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையை ஒட்டி, முதிய வண்டிகளுக்கான சான்றிதழ்க் கட்டணமும் பெருமளவு உயர்த்தப்பட்டது. என் மாணவரின் லாரி தோட்டத்துக் கொட்டகையைவிட்டு வெளியே வருவதில்லை.

புகை கக்கும் வண்டிகளைக் கழிக்கும் நேரத்தில் இச்சலுகை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வாடகைக்கு ஓடும் பழைய லாரிகளைக் கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரேக்கையும் விளக்கையும் சோதிக்காமல் எதையும் சாலையில் விடவும் கூடாது. ஆனால், பாரமின்றி எப்போதோ ஓடும் சில வண்டிகளால் காற்று மாசடைவது மிகச் சொற்பம். பிரிட்டனில் 1960-க்கு முன் தயாரான சரக்கு வாகனங்கள் பாரமின்றி ஓடினால் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்குப் பெறுகின்றன. அமெரிக்காவில் லாரி வரலாற்றுக்கெனவே 1971 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது.

நமக்குத் தேவை ஒரு சிறிய திருத்தம். 50 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்களையும் 'விண்டேஜ்' வரையறைக்குள் கொண்டுவர வேண்டும். பாரம் ஏற்றவும் வாடகைக்கு ஓட்டவும் தடை விதிக்க வேண்டும். 'அசல் வடிவம்' என்பதற்கு லாரியைப் பொறுத்தவரை வேறு பொருள் காண வேண்டும். அதன் அசல் உடலே உள்ளூர்ப் பட்டறையில் பிறந்தது. வாழ்நாளில் இருமுறையேனும் மாற்றிக் கட்டப்பட்டது. அடிச்சட்டமும் என்ஜின் வகையும் அக்காலத்தவையாகவும், உடல் அக்காலக் கட்டுமான முறையிலும் இருந்தால் போதும் என்பதே பொருத்தமான அளவுகோல்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. நல்ல மாற்றம். அது எத்தனை பெரிய மாற்றம் என்பதை அறிய, என்ஜின் சூட்டில் மரப் பலகையில் அமர்ந்து இரவெல்லாம் ஓட்டியவர்களின் அறை ஒன்றேனும் நம் பேரப்பிள்ளைகள் ஏறிப் பார்க்க எஞ்சியிருக்க வேண்டும்.