மணிக்கட்டு அவகாசம் தராது

"சாதாரண சுளுக்குதான் டாக்டர், வலி மட்டும் போகமாட்டேங்குது." பிரேசிலியன் ஜியு ஜிட்சு பழகும் இளைஞர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரும்போது முதலில் சொல்வது இதைத்தான். எப்போது அடிபட்டது என்று கேட்டால், "போன மாசத்துக்கு முந்தின மாசம்" என்பார்கள். அதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒரு பட்டியலே வரும். தைலம், ஒத்தடம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிக்கொண்டது, கையில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மறுபடி பயிற்சிக்குப் போனது.

சில ஆண்டுகளாகச் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இந்தக் கலையைக் கற்றுத்தரும் கூடங்கள் பெருகியிருக்கின்றன. அது நல்ல விஷயம். உடலுக்கும் மனதுக்கும் உரம் தரும் பயிற்சி இது. பெண்களும் நடுவயதினரும்கூட ஆர்வமாகப் போகிறார்கள். ஆனால் அங்கிருந்து வரும் கைக் காயங்களில் ‘ரிஸ்ட் லாக்’ எனப்படும் மணிக்கட்டுப் பூட்டினால் வருபவை என்னை மிகவும் கவலைப்பட வைக்கின்றன. பெரும்பாலும் அவை தவிர்த்திருக்கக்கூடிய காயங்கள். அடிபட்ட வாரமே வந்திருந்தால் பலவற்றை நன்றாகவே சரிசெய்திருக்கலாம்.

நொடி நேரத்தில் நடப்பது

ஜியு ஜிட்சுவில் எதிராளியின் மூட்டை மடக்கி, அவர் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை அழுத்தம் கொடுப்பார்கள். முழங்கையைப் பூட்டும் ‘ஆர்ம்பார்’ பிடியை முறையாகப் போட்டால் அழுத்தம் படிப்படியாக ஏறும். கை இறுகுவதை உணர்ந்து தட்டுவதற்கு ஓரிரு நொடிகளாவது கிடைக்கும்.

ரிஸ்ட் லாக்கில் அந்த நொடிகள் கிடைப்பதில்லை. மேலே இருப்பவர் உங்கள் முழங்கையைத் தன் நெஞ்சோடு அணைத்து அசையவிடாமல் செய்கிறார். இரண்டு உள்ளங்கைகளையும் உங்கள் விரல் முட்டிகளின் மேல் கவிழ்க்கிறார். நெஞ்சைச் சற்றே முன்னால் தள்ளுகிறார். முழங்கைக்குப் பின்வாங்க இடமில்லாததால் மொத்த விசையும் மணிக்கட்டில் இறங்குகிறது. வலி உறைத்து நீங்கள் தட்டுவதற்குள் உள்ளே தசைநார் கிழிந்திருக்கலாம், அல்லது எலும்பில் சில்லு பெயர்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் உங்களுடைய இன்னொரு கை எதிராளியின் உடலுக்கு அடியில் மாட்டியிருந்தால் தட்டவும் வழியில்லை.

ஜூடோ போட்டிகளில் முழங்கையைத் தவிர வேறு மூட்டைப் பூட்ட அனுமதியே கிடையாது. சர்வதேச பிரேசிலியன் ஜியு ஜிட்சு கூட்டமைப்பின் விதிகளும் தொடக்கநிலையினரான வெள்ளை பெல்ட்காரர்களுக்கும் 17 வயது வரை உள்ளவர்களுக்கும் ரிஸ்ட் லாக்கைத் தடை செய்கின்றன. பெரியவர்கள் பிரிவில் அடுத்த நிலையான நீல பெல்ட் முதல்தான் அது செல்லும். இந்த விதியில் காரணம் இருக்கிறது. ஆனால் நீல பெல்ட் கட்டிய கையோடு, எட்டிய மணிக்கட்டையெல்லாம் சடக்கென்று மடக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எதிரே இருப்பவர் போன வாரம் சேர்ந்தவராகவும் இருக்கலாம். எந்தக் கட்டத்தில் தட்ட வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

தவறான நம்பிக்கைகள்

"விரல் அசையுது, அதனால எலும்பு முறியல." இதை நம்பித்தான் பலர் வாரக்கணக்கில் காலம் கடத்துகிறார்கள். விரல்களை அசைக்கும் தசைகளில் முக்கியமானவை முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று உடைந்தாலும் விரல்கள் அசையும், பேனா பிடிக்க முடியும், வண்டியும் ஓட்டலாம். வீக்கம் இல்லை என்பதும் ஆறுதல் தரும் செய்தியாகாது.

ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். கட்டைவிரலை நன்றாக விரித்து மேல்நோக்கி நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அடிபட்ட கையில் அந்தக் குழிக்குள் மறு கையின் விரல் நுனியால் அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், அந்த எட்டில் ஒன்றான ஸ்கேபாய்டு எலும்பு உடைந்திருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வலிக்கவில்லை என்றால் காயமே இல்லை என்று அர்த்தமில்லை. வேறு இடத்திலும் அடிபட்டிருக்கலாம்.

"எக்ஸ்ரேயில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." முதல் நாள் எக்ஸ்ரேயில் ஸ்கேபாய்டு முறிவு தெரியாமல் போவது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு அனுப்பி, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கிறோம். அந்த இரண்டாவது வருகையைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தசைநார் கிழிவோ சாதாரண எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியவே தெரியாது.

"நரம்பு பிசகிடுச்சு, உருவிவிட்டா சரியாயிடும்." பிசகி வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ள மணிக்கட்டில் எந்த நரம்பும் காத்திருக்கவில்லை. கிழிந்திருப்பது எலும்புகளை இணைக்கும் தசைநார். அறுந்த கயிற்றை எண்ணெய் தடவி ஒட்டவைக்க முடியாது. புதுக் காயத்தின் மேல் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றி அழுத்தி உருவும்போது உள்ளே இரத்தக்கசிவு கூடுகிறது. பாதி கிழிந்தது முழுதாகக் கிழியலாம். விலகாமல் இருந்த எலும்பு முறிவு விலகிவிடலாம். உருவும்போது வரும் ‘சடக்’ சத்தத்தைக் கேட்டு, சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். தளர்ந்துபோன எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போதும் அதே சத்தம்தான் வரும்.

"முட்டையும் உளுந்து மாவும் வெச்சுக் கட்டினா எலும்பு கூடிடும்." நம் ஊரில் இந்த நம்பிக்கை மிக ஆழமானது. எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. விலகாத முறிவுகள் எந்தக் கட்டிலும் கூடிவிடுவதால் பெயர் கட்டுக்குப் போகிறது. ஸ்கேபாய்டு எலும்பு அப்படிப்பட்டதில்லை. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் பாய்கிறது. நடுவில் உடைந்தால் முன்கையை ஒட்டிய பாதிக்கு இரத்தம் தடைப்பட்டு, அந்தத் துண்டு கூடாமலே போகலாம், செத்தும் போகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் வீக்கம் ஏறி, இரத்த ஓட்டம் நின்று, விரல்கள் கறுத்துப் போனவர்களைக் கை அறுவை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் இந்தப் பழக்கம் நிற்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

"ஒரு மாத்திரை போட்டுட்டு இறங்கினா தாங்கும்." தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இன்னும் ஆறவில்லை என்று உடல் சொல்வதற்கு வலியை விட்டால் வேறு வழியில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டு அந்தக் குரலை அடக்கிவிட்டுப் பயிற்சிக்குப் போனால், அடுத்த லாக்கில் தட்ட வேண்டிய நேரமே தெரியாது. இந்த மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கலாம். வியர்வை கொட்டி உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். எடை குறைப்பதற்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கும் போட்டியாளர்கள் இதை இருமடங்கு கவனத்தோடு படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது வைத்தியம் ஆகாது.

"பிளாஸ்திரி சுத்தினா பாதுகாப்பு." லேசான வலிக்கு அது ஓரளவு தாங்கலாகும். ஒரு முழு உடலின் எடை நெஞ்சு வழியாக மணிக்கட்டில் இறங்கும்போது அந்தத் துணிப்பட்டை எதையும் தடுக்காது.

"வலியத் தாங்கத் தாங்கக் கை உறுதியாகும்." பயிற்சியால் தசை வலுப்படும், பிடி இறுகும். இழுத்து இழுத்துக் கிழிக்கும் தசைநார் உறுதியாவதில்லை, நைந்துதான் போகும்.

"சீக்கிரம் தட்டினா கேவலம்." எல்லா நம்பிக்கைகளிலும் மோசமானது இதுதான். என்னிடம் வரும் பலரும், "டாக்டர், தப்பிச்சுடலாம்னு நெனச்சேன்" என்கிறார்கள். பயிற்சியில் தட்டினால் இழப்பு ஏதுமில்லை. கைகுலுக்கிவிட்டு அடுத்த சுற்று ஆரம்பிக்கலாம். தட்டாமல் இருந்தால் பல மாதப் பயிற்சி போய்விடும்.

தாமதத்தின் விலை

மணிக்கட்டின் முக்கியமான தசைநார்கள் முழுதாகக் கிழிந்தால் முதல் சில வாரங்களுக்குள் தைத்துச் சரிசெய்வது எளிது. அதைத் தாண்டினால் கிழிந்த முனைகள் சுருங்கிவிடும். பிறகு வேறு இடத்திலிருந்து நாண் எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும், பலனும் குறைவு. கூடாமல் விட்ட ஸ்கேபாய்டு முறிவு சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானத்தில் கொண்டுபோய் விடும். முற்றிய நிலையில், வலியை நிறுத்த எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து, மணிக்கட்டின் அசைவில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க நேரும்.

இருபத்தைந்து வயதில் இப்படி ஆனால் வாழ்க்கை எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். தரையில் உள்ளங்கையை ஊன்றி எழ முடியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது. பைக் ஆக்சிலேட்டரைத் திருகினால் வலிக்கும். நாள் முழுக்க விசைப்பலகையில் வேலை செய்பவர் மதியத்துக்குள் சோர்ந்துவிடுவார். ஜியு ஜிட்சு என்ற பேச்சே அதன்பிறகு இருக்காது.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

* அந்த நொடியே பயிற்சியை நிறுத்துங்கள். "இந்த ஒரு ரவுண்டு மட்டும்" வேண்டாம்.
* மோதிரம், காப்பு, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது, எந்தத் தைலத்தையும் தேய்க்கக் கூடாது.
* மணிக்கட்டு அசையாதபடி தாங்கு கொடுத்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது.
* விரல் மரத்தால், நிறம் மாறினால், மணிக்கட்டு கோணலாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, இரண்டு நாளில் வலி நன்றாகத் தணியாவிட்டாலோ, பிடியில் பலம் குறைந்திருந்தாலோ, கட்டைவிரல் அடிக்குழியில் வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., அவ்வளவுதான் பரிசோதனை. விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். ஸ்கேபாய்டு என்றால் 6 முதல் 12 வாரம்வரை ஆகலாம். விலகியிருந்தால் சிறிய திருகாணி பொருத்துவோம். கட்டில் இருக்கும் காலத்தில் புகை பிடிக்காதீர்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வலி நின்றதும் பயிற்சிக்கு ஓடாதீர்கள். இரண்டு கைகளின் பிடியும் அசைவும் ஏறத்தாழச் சமமாகி, உள்ளங்கை ஊன்றித் தண்டால் எடுத்தாலும் வலிக்காத நிலை வந்த பிறகு, மருத்துவர் ஒப்புதலோடு மெதுவாக ஆரம்பியுங்கள்.

பயிற்சி செய்வோரே, உங்களிடம் கேட்பது

ரிஸ்ட் லாக்கைப் பழகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால்தான் தப்பிக்கவும் முடியும். ஆனால் லாக் போடுபவரே, பிடி அமைந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். பிடி அமைந்துவிட்டது என்றால் உங்கள் வெற்றி உறுதியாகிவிட்டது. மிச்ச அழுத்தம் பார்ட்னரின் எலும்புக்குத்தான் போகும். வேகமாக இழுத்துப் பிடுங்காதீர்கள். ‘ரோலிங்’ எனப்படும் பயிற்சிச் சண்டை தொடங்குமுன் "ரிஸ்ட் லாக் போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெள்ளை பெல்ட்காரரிடமும், ஏற்கெனவே மணிக்கட்டில் அடிபட்டவரிடமும் போடவே போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டவரே, முழங்கை அசையாமல் பூட்டப்பட்டதை உணர்ந்த கணமே தட்டிவிடுங்கள். வலிக்காகக் காத்திருக்காதீர்கள். கை மாட்டியிருந்தால் காலால் தட்டுங்கள், வாய்விட்டு "டேப்" என்று கத்துங்கள். எல்லாமே செல்லும்.

பயிற்சியாளர்களே, இந்தப் பிடியைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் தட்டுவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம் தட்டும் மாணவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். அடிபட்டவரின் கையை நீங்களே இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். பெற்றோரே, வளரும் பிள்ளைகளின் மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்புகளில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் இருக்கும். அதில் அடிபட்டால் கையின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். உங்கள் பிள்ளை பழகும் கூடத்தில் ரிஸ்ட் லாக்குக்குத் தடை இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

லாக்கிலும் சரி, சிகிச்சையிலும் சரி, மணிக்கட்டு நமக்கு அதிக அவகாசம் தருவதில்லை. சீக்கிரம் தட்டுங்கள், சீக்கிரம் வாருங்கள். இந்த இரண்டை மட்டும் செய்துவிட்டால், உங்களில் பெரும்பாலானோருக்கு என் கத்தி தேவைப்படாது.